நம்மோடு நிற்கும் கால்நடை ஆய்வாளர்

(ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



"சார், ஏதாவது பழைய கதை சொல்லுங்க" என்றார் சங்கச் செயலாளர். பழைய கதையைப் பந்தியில் பேசிக்கொள்ளலாம். நான் பேச வந்தது கால்நடை ஆய்வாளர்களின் பயிற்சியைப் பற்றி.

மாணவர்களே, உங்களுக்கு ஐந்தரை ஆண்டுப் படிப்பு. அவருக்குப் பள்ளிப் படிப்பு முடிந்து ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சிதான். அதை வைத்துக்கொண்டு கிளை நிலையத்தில் தனியாக உட்காருகிறார். ஊரார் அவரையும் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் 30-ஆவது பிரிவில் அவருக்கு அனுமதிப்பது தடுப்பூசி, ஆண்மை நீக்கம், புண்ணுக்குக் கட்டுப்போடுதல் போன்ற சிறு பணிகள். அதுவும் பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையில். அந்த மேற்பார்வை நாளைக்கு உங்கள் தலையில்தான் விடியப்போகிறது.

சினை ஊசி போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். உறைவிந்துக் குச்சி திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் கிடக்கிறது. எடுத்து, 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிஷம் வைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் முக்கி எடுக்கிறவர்களும் உண்டு, என்னத்தச் சொல்ல! இடது கையை ஆசனவாய்க்குள் விட்டுக் கருப்பைக் கழுத்தைப் பிடிப்பது புத்தகத்தில் வராது. இறைச்சிக் கூடத்துக் கருப்பையில் பழகி, பிறகு மாட்டில் பழகினால்தான் கை பேசும். காலையில் கத்திய மாட்டுக்குச் சாயங்காலம், சாயங்காலம் கத்தியதற்கு மறுநாள் காலை. தவறினால் இன்னும் 21 நாள். ஒற்றை மாட்டை வைத்துப் பிழைக்கிற அம்மாவுக்கு அது 21 நாள் தீவனச் செலவு.

இன்னொன்று. சினை மாடும் சில சமயம் பருவத்துக்கு வந்த மாதிரி கத்தும். கடைசியாக எப்போது ஊசி போட்டது என்று கேட்காமல், கையால் பார்க்காமல் குழலைச் செலுத்தினால் கன்று வீசிவிடும். என்னைக் கேட்டால், ஊசி போடக் கற்றுத் தருவதைவிடப் போடாமல் திருப்பி அனுப்பக் கற்றுத் தருவதுதான் கஷ்டம்.

அவருடைய உடம்பையும் யாராவது நினைக்க வேண்டாமா? என்னோடு வேலை பார்த்த ஓர் ஆய்வாளருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி. மாதக்கணக்கில் டைபாய்டு மருந்து சாப்பிட்டார். என்ன தொழில் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. கடைசியில் பார்த்தால் புரூசெல்லோசிஸ். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்துப் பழகியவர். கிடேரிக் கன்றுகளுக்கு நாம் போடும் ஸ்ட்ரெயின் 19 தடுப்பூசியும் உயிருள்ள கிருமிதான். ஊசி நம் விரலில் குத்தினாலும், மருந்து கண்ணில் தெறித்தாலும் நோய் வரும். கையுறையும் கண்ணாடியும் ஆடம்பரம் இல்லீங்க.

வெக்கை நோய் உலகத்தைவிட்டே ஒழிந்ததாக 2011-இல் அறிவித்தார்கள். நம் நாட்டில் ஐஸ் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பட்டி பட்டியாகப் போனதில் இவர்களுக்குப் பெரும்பங்கு. அந்தப் பெயர்கள் எந்த மலரிலும் அச்சாகவில்லை.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலையில் சேர்ந்த முதல் வாரமே உங்கள் கிளை நிலையங்களுக்குப் போங்கள். நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது, கையுறை எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். அவரோடு ஒரு மாட்டுக்குக் கை போடுங்கள்.