பேரப்பிள்ளைகளுக்கு ஓர் ஊர்ப்படம்



லண்டனில் தமிழ்ப் பாடசாலைகளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் வரைபடங்கள், விளக்கப்படங்கள் வரைந்து கொடுப்பது என் தொழில். வருபவர்கள் பெரும்பாலும், "எங்கட ஊர்ப்படம் ஒண்டு வேணும்" என்றுதான் தொடங்குவார்கள். "ஆர் பார்க்கப் போயினம்? பார்த்து என்ன அறிய வேணும்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். இதற்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

லண்டன் நிலக்கீழ் ரயில் படத்தை எல்லோரும் அறிவீர்கள். ஹரி பெக் என்ற பொறியியல் வரைவாளர் 1931இல் வரைந்த அந்தப் படம் 1933இல் பொதுமக்களின் கைக்கு வந்தது. அதில் உண்மையான தூரமோ வளைவுகளோ இல்லை. எந்த நிலையத்தில் ரயில் மாறுவது என்பதே பயணிக்குத் தேவை. பெக் அதை மட்டும் தெளிவாகக் காட்டினார். உங்கள் விழா மண்டபத்துக்கு வழிகாட்டும் படமும் அப்படித்தான். பஸ் தரிப்பிடம், வாகனத் தரிப்பிடம், வாசல் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும்.

பிள்ளைகளுக்கான ஊர்ப்படம் வேறு. அங்கே பெயர்தான் உயிர். ஆங்கிலப் படங்களில் பருத்தித்துறை 'பொயின்ற் பீட்ரோ' ஆகிவிடும். ஊர்காவற்றுறை 'கயிற்ஸ்' ஆகிவிடும். நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் தங்கள் நகரின் பெயரை வைத்து 'டெல்ஃப்ற்' என்றார்கள். இங்கே பிறந்த பிள்ளை, அம்மம்மா சொன்ன பெயரை அந்தப் படத்தில் எப்படித் தேடும்? ஆகவே தமிழ்ப் பெயரைப் பெரிதாகவும் ஆங்கிலத்தைக் கீழே சிறிதாகவும் போடுங்கள்.

அடிப்படத்துக்கு 'ஓப்பன்ஸ்ட்ரீட்மப்' உதவும். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய இதைத் தன்னார்வலர்கள் வளர்க்கிறார்கள். பணம் கட்டத் தேவையில்லை. எங்கிருந்து எடுத்தோம் என்று படத்தில் குறிப்பிட வேண்டும். தமிழ்ப் பெயர்களை நாமே அதில் சேர்க்கலாம்.

ஆனால் ஒழுங்கை, கேணி, மதகு, வைரவர் கோயிலடி எல்லாம் எந்தக் கணினியிலும் முழுதாக இல்லை. அவை பெரியவர்களின் நினைவில் இருக்கின்றன. வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தார்கள். மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது 2017இல். இருபத்தேழு வருடங்களில் வேலியும் வீடும் அழிந்த இடத்தில், எது எங்கே இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டு போகிறார்கள்.

ஆகவே அடிப்படத்தைக் கறுப்பு வெள்ளையில் பெரிதாக அச்சிட்டு மேசையில் விரியுங்கள். பெரியவர் பென்சிலால் காட்டட்டும், பிள்ளை பெயரை எழுதட்டும். '1990க்கு முன்', 'இப்போது' என இரண்டு படங்களாக வையுங்கள். ஒன்றில் கலக்க வேண்டாம். இரண்டு பெரியவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் சண்டை பிடிக்காமல், இரண்டையும் புள்ளிக்கோட்டால் குறியுங்கள். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் முழுக்கோட்டால் வரையுங்கள். சிவப்பும் பச்சையும் சிலரின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் என்பதால், நிறத்தோடு ஒரு குறியும் சேருங்கள்.

இந்தப் படம் காணி உறுதிக்கு ஈடாகாது. எல்லைப் பிணக்குக்கு அனுமதி பெற்ற நில அளவையாளரிடம்தான் போகவேண்டும். ஆனால், "நாங்கள் எந்த ஊர்?" என்று பிள்ளை கேட்கும்போது கையில் கொடுக்க இது போதும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்தச் சனிக்கிழமையே தொடங்குங்கள்.