பிடி சோறும் கால்மணி நேரமும்



காலையில் சோறு வடித்ததும் ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய் மதில்மேல் வைத்து, "கா... கா..." என்று குரல் கொடுக்கிற வீடுகள் நம் திருநாவலூர்ப் பக்கம் இன்றும் நிறைய இருக்கின்றன. அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். காக்கை எடுக்காமல் வீட்டில் யாரும் இலையில் உட்காரமாட்டார்கள். முன்னோரே வந்து உண்பதாக ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. தான் சாப்பிடும் முன் ஒரு காட்டு உயிருக்குப் பங்கு எடுத்து வைப்பதைத் தினசரி வேலையாகவே இத்தனை வீடுகள் இத்தனை காலம் செய்து வந்திருக்கின்றன. அது சிறிய காரியமில்லை.

இன்று அந்த வழக்கத்தைப் பற்றித்தான் பேச வந்தேன். அதில் ஒரு பாதியை நாம் விட்டுவிட்டோம் என்று நினைக்கிறேன். காக்கை முதல் வாய் எடுத்ததும், "எடுத்தாச்சு" என்று சொல்லி உள்ளே திரும்பிவிடுகிறோம். பார்க்க வேண்டியதெல்லாம் அதற்குப் பிறகுதான் நடக்கிறது. கூடக் கால்மணி நேரம் அங்கேயே நின்றால் என்னவெல்லாம் கிடைக்கும், பார்த்த பிறகு நம் கை எப்படி மாறும் என்பதைச் சொல்லப் பார்க்கிறேன்.

காக்கையிலேயே தொடங்குவோம். முதலில் வந்து இறங்கும் காக்கை நேராகச் சோற்றுக்குப் போகாது. பக்கவாட்டில் இரண்டு தத்துத் தத்தி, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் உங்களைப் பார்க்கும். பிறகு அள்ளுகிற சோறு முழுவதையும் அங்கேயே விழுங்கிவிடுவதும் இல்லை. தொண்டைக்கு அடியில் ஒரு கவளத்தை அடக்கிக்கொண்டு பறந்துபோய், ஓட்டு இடுக்கில் செருகி, மேலே ஒரு சருகை இழுத்து மூடிவிட்டுத் திரும்பி வரும். காய்ந்த முறுக்குத் துண்டு அகப்பட்டால் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோய் நனைத்து, ஊறிய பிறகு தின்னும். கழுத்து சாம்பல் நிறமாக இருந்தால் ஊர்க்காக்கை. உடம்பு முழுக்கக் கறுத்து, அலகு தடித்திருந்தால் அண்டங்காக்கை. நாம் 'காக்கை' என்று ஒரே பெயரில் அழைப்பது இரண்டு இனங்களை என்பதே நின்று பார்த்தால்தான் தெரியும்.

கோடைக்குப் பிறகு இன்னொரு காட்சி உண்டு. காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அதை மதில்மேல் கண்ணாரப் பார்க்கலாம். சோறு எடுத்த காக்கை பக்கத்துக் கிளைக்குப் போகும். அங்கே ஒரு குயில் குஞ்சு சிறகை நடுக்கிக்கொண்டு, வாயைப் பிளந்து கத்தும். காக்கை ஊட்டும். முன்னோருக்கு என்று நாம் வைத்த சோற்றில் ஒரு கவளம் குயிலின் வயிற்றுக்குப் போகிறது. விடியற்காலையில் 'கூவூ' என்று உயரும் அந்தக் குரல் ஆண் குயிலுடையது. அது கன்னங்கரேலென்று இருக்கும். பெண் குயிலோ பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் கொண்டது. அதைக் கண்டு வேறு ஏதோ பறவை என்று எண்ணியவர்கள் ஏராளம்.

சில நாள் இப்படிப் பார்த்தால் அடுத்த உண்மை தெரியவரும். நம் சோற்றுக்கு வருகிறவை மிகச் சில. காக்கை, மைனா, தவிட்டுக்குருவி, இடையில் புகுந்து ஓடும் அணில், ஏறக்குறைய அவ்வளவுதான். சிட்டுக்குருவிக்கும் புள்ளிப்புறாவுக்கும் தானியம் வேண்டும். அரிசி நொய், கம்பு, தினை இவற்றில் ஒரு கைப்பிடி போதும். கல்வராயன் மலையில் சாமையும் தினையும் விளைகிற நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் தோட்டத்துப் பறவைகளில் பெரும்பாலானவை நாம் வைக்கும் எதையும் தொடாது. தேன்சிட்டு, தையல்சிட்டு, ரெட்டைவால் குருவி, கொண்டலாத்தி எல்லாம் நம் வீட்டைச் சுற்றியே இருக்கும். நம் தட்டுப் பக்கம் வராது. அவற்றுக்கு வேண்டிய உணவு பூவிலும் புழுவிலும் மண்ணிலும் இருக்கிறது. அதை நாம் அழிக்காமல் விட்டாலே அவற்றுக்கு உணவு வைத்ததாகும்.

ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். இமயமலை அடிவாரத்திலும் வட இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரிக்கும் பறவை அது. குளிர்காலத்துக்கு, ஐப்பசி வாக்கில், தெற்கே நம் பக்கம் வருகிறது. பச்சை முதுகு, சந்தன நிற மார்பு, வாலடியில் சிவப்பு, இறக்கையில் நீலத் திட்டு என்று அத்தனை வண்ணமும் மைனாவைவிடச் சிறிய ஓர் உடம்பில். வால் மட்டும் கத்தரித்துவிட்டதுபோல் குட்டை. விடியலிலும் அந்தி மயங்கும் நேரத்திலும் இரட்டைச் சீட்டி அடிக்கும். பகலில் மரத்தடிச் சருகைக் கிளறிப் பூச்சியும் புழுவும் பொறுக்கும். தோட்டத்தைத் துப்புரவாகப் பெருக்கிச் சருகைக் கொளுத்திவிட்ட வீட்டில் அதற்கு ஒரு வேளைச் சாப்பாடுகூடக் கிடைக்காது. ஏழெட்டாகக் கூடித் திரியும் தவிட்டுக்குருவிகளும் அந்தச் சருகையே நம்பி இருக்கின்றன. ஒன்று மேலே காவல் நிற்க, மற்றவை இலையைப் புரட்டிப் புரட்டித் தேடும். வல்லூறு தலை காட்டினால் காவல் குருவி கத்தும். அடுத்த நொடி அத்தனையும் புதருக்குள். ஆகவே கிணற்றடியிலோ வாழைக்குப் பக்கத்திலோ ஒரு மூலையைப் பெருக்காமல் விட்டுவையுங்கள்.

மரமும் அப்படித்தான். சுந்தரர் பிறந்த நம் ஊர்க் கோயிலில் நாவல்தான் தல விருட்சம். ஆனி, ஆடியில் நாவல் பழுத்தால் குயில், மைனா, கிளி, கொண்டைக்குருவி எல்லாம் ஒரே மரத்தில் கூடும். தின்ற பழத்தின் கொட்டையைக் கொண்டுபோய் எங்கோ போட்டு அடுத்த நாவலுக்கு வழி செய்வதும் இவைதான். இடமுள்ளவர்கள் ஒரு நாவலோ வேம்போ அத்தியோ வையுங்கள். இடமில்லாதவர்களுக்குச் செம்பருத்தியும் இட்லிப்பூவும் போதும், தேன்சிட்டு தானாக வரும். வயலில் குறுக்குக்கட்டை வைத்த குச்சியை நட்டால் ரெட்டைவால் குருவி அதில் உட்கார்ந்து பயிர்ப்பூச்சியைப் பிடித்துத் தின்னும். இந்தப் 'பறவைத் தாங்கி'யை வேளாண்மைத் துறையினரே பரிந்துரைக்கிறார்கள்.

வைப்பவற்றில் எதற்கு முதலிடம் என்று கேட்டால், தண்ணீருக்கு என்பேன். பனி கொட்டும் நாடுகளில் பறவைக்கு நெருக்கடி குளிர்காலத்தில் வரும். அங்கே தானியம் வைப்பது உயிர் காக்கும். நமக்கு நெருக்கடி பங்குனியில் தொடங்கி அக்கினி நட்சத்திரத்தில் உச்சத்துக்குப் போகிறது. கெடிலம் ஆறு மணலாகக் கிடக்கும் காலம் அது. பறவைக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அதில் உடம்பின் நீர் வற்றும். வாயகன்ற மண்சட்டியில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கல்லை வைத்து, நிழலில், பூனை பதுங்க முடியாத இடத்தில் வையுங்கள். தினமும் சட்டியைத் தேய்த்துக் கழுவித் தண்ணீரை மாற்றுங்கள். அப்போதுதான் கொசுப்புழுவும் வளராது.

சிட்டுக்குருவியைப் பற்றிக் கவலைப்படாதவர் இல்லை. 2010 முதல் மார்ச் 20-ஆம் தேதி உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2020-இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்து வருகிறது என்று சொன்னது. செல்போன் கோபுரத்தைக் காரணம் காட்ட உறுதியான சான்று கிடையாது. கூரையும் ஓடும் போய்க் கான்கிரீட் வந்தபின் கூடு கட்ட இடுக்கு இல்லாமல் போனது கண்கூடு. இன்னொன்றையும் கவனியுங்கள். பெரிய குருவி தானியம் தின்னும். ஆனால் முதல் சில நாள்களில் குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் புழு பூச்சிதான். ஒரு பக்கம் கம்பு இறைத்து, மறுபக்கம் அவரைப் பந்தலுக்கு மருந்தடித்தால் குஞ்சு பிழைக்காது. மரப்பெட்டி மாட்டுகிறவர்கள் துளையை ஒன்றேகால் அங்குல அகலத்தில் வைத்து, வெயில் நேராகப் படாத உயரத்தில் மாட்டினால் போதும்.

நல்ல மனத்தோடு செய்வதிலும் கெடுதல் வரலாம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரிட்டனில் தோட்டத்தில் தீனி வைப்பது மிகப் பரவலான பழக்கம். 2005-ஐ ஒட்டி அங்கே ஒருவகை ஒட்டுண்ணி நோய் சிறு பறவைகளிடையே பரவி, கிரீன்ஃபிஞ்ச் என்ற இனம் வெகுவாகக் குறைந்துபோனது. பல பறவைகள் ஒரே தட்டில் கூடுவது அந்த நோய் பரவ வழி செய்தது. எனவே அளவாக வையுங்கள். மாலைக்குள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். ஊசிப்போன சோறு, உப்பும் எண்ணெயும் சேர்ந்த மிக்சர், கேக் எதுவும் வேண்டாம். மயிலுக்குத் தானியம் வைத்துப் பழக்காதீர்கள். மல்லாட்டைக் கொல்லையில் மயில் செய்யும் சேதத்தை விவசாயிகள் நன்றாக அறிவார்கள். வீட்டில் பழகிய மயில் வயலில் விஷத்துக்கு இரையாகக்கூடும். தரையில் கிடக்கும் குஞ்சை எடுத்து வளர்க்கவும் வேண்டாம். பெரும்பாலும் அது பறக்கப் பழகும் குஞ்சு. தாயும் தகப்பனும் அருகிலேயே இருக்கும். கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்து வந்த ஜோசப் சேகர், சுனாமிக்குப் பிறகு தம் மொட்டைமாடிக்கு வந்த இரண்டு கிளிகளுக்கு அரிசி வைக்கத் தொடங்கினார். பின்னாளில் அங்கே ஆயிரக்கணக்கில் கிளிகள் வந்தன. ஊரே வந்து பார்த்தது. கிளிமேல் ஆசை இருப்பவருக்குக் கூண்டு தேவையில்லை என்பதற்கு அந்த மாடி சாட்சி.

இனி, பார்ப்பது. இந்தக் கலைக்குத் தமிழில் நமக்கு ஒரு முன்னோடி இருக்கிறார்: மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல், 1996-இல் இறக்கும்வரை, 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழில் எழுதியவை 'பறவைகளும் வேடந்தாங்கலும்' என்று நூலாகியுள்ளன. யானையை எவ்வளவு கவனித்தாரோ அதே கவனத்தோடு காக்கையையும் அணிலையும் கவனித்தார். எந்த உயிரையும் 'சாதாரணம்' என்று அவர் ஒதுக்கவில்லை. அந்தப் பார்வைக்குப் பைனாகுலர் அவசியமில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நேரம், என்ன பறவை, எத்தனை, என்ன செய்தது என்று எழுதி வையுங்கள். ஒரு வருடம் கழித்துப் புரட்டினால், ஆறுமணிக்குருவி என்று வந்தது, குயில் எப்போது கூவத் தொடங்கியது, பனங்காடையை எந்த மாதத்துக்குப் பிறகு காணவில்லை என்பதெல்லாம் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. 2023-இல் வந்த அடுத்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலர்களின் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. குயிலும் மயிலும் பெருகியிருக்கின்றன, நம் மின்கம்பிமேல் உட்கார்ந்திருக்கும் பனங்காடை குறைந்துகொண்டு வருகிறது என்று அது கண்டது. பதிவு செய்தவர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்ப்பவர்கள். பொழுது கிடைக்கும்போது பார்த்து எழுதியவர்கள்.

பார்க்கப் பழகிய ஊர் என்ன செய்யும் என்பதற்குச் சிவகங்கை மாவட்டம் பொத்தக்குடி உதாரணம். 2020-இல் அங்கே தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. ஒருவர் அதைக் கவனித்தார், மற்றவர்களுக்குச் சொன்னார். குஞ்சுகள் பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேல் ஊரார் தெருவிளக்கே போடாமல் இருந்தார்கள். அந்தப் பெட்டியை ஒருவரும் உற்றுப் பார்க்காமல் சுவிட்சைத் தட்டியிருந்தால், அவர்களிடம் எவ்வளவு இரக்கம் இருந்தும் அந்தக் குருவிக்குப் பயன்பட்டிருக்காது.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. குறைந்தது கால்மணி நேரம் ஓரிடத்தில் இருந்து, கண்ட பறவைகளை எண்ணி 'இபேர்டு' இணையதளத்தில் பதிய வேண்டும். வீட்டுத் தோட்டத்திலேயே செய்யலாம். அதே நாள்களில்தான் நம் பெண்கள் மஞ்சள் இலையில் கனுப்பிடி வைத்துக் காக்கையையும் குருவியையும் அழைக்கிறார்கள். வரும் தைப் பொங்கலில் பிடி வைத்த கையோடு பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார்த்தி, வந்த பறவைகளைப் பெயர் சொல்லி எண்ணச் சொல்லுங்கள். பெயர் தெரியாததை நிறமும் குரலும் சொல்லி எழுதச் சொல்லுங்கள். திருநாவலூரில் பத்து வீடுகள் இதைச் செய்தாலே நம் ஊர்ப் பறவைகளுக்கு ஒரு கணக்கு உண்டாகிவிடும். எது குறைகிறது, எதற்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தக் கணக்கைப் பார்த்தே முடிவு செய்யலாம்.