எவ்வளவு போனால் தாங்கும்?

பங்குச் சந்தையில் எதை வாங்கலாம் என்று எல்லோரும் கேட்கிறோம். எவ்வளவு போனால் தாங்கும் என்று கேட்பதில்லை.

நூறு ரூபாயில் பாதி போனால், மீதி ஐம்பது. பழையபடி நூறாக, அந்த ஐம்பது இரண்டு மடங்காக வேண்டும்! குழம்புக்கு உப்புப் போடுகிற கதைதான். குறைந்தால் சேர்க்கலாம், கூடினால் எடுக்க முடியாது. அதனால் பணத்தையும் கொஞ்சமாகப் போடுங்கள்.

பங்குகளின் வருங்கால விலையை வைத்து நடக்கும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்தில் தனிநபர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நஷ்டம் என்று 2024-இல் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் ஆய்வு சொன்னது. 'விட்டதைப் பிடிக்கிறேன்' என்று ஆத்திரத்தில் இரட்டிப்பாகப் போட்டால் நஷ்டமும் இரட்டிக்கலாம்.

எவ்வளவு போனால் தாங்கும்? வாங்கும் முன்பே கணக்குப் போடுங்கள். அதற்கேற்ற ஸ்டாப் லாஸ் விலையைக் குறித்துவையுங்கள். அந்த விலை வந்தால், விற்றுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.