வேனை நிறுத்தினால்தான் ஊர் தெரியும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கிலாந்துக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் நம் குடியிருப்பில் பலர் இருக்கிறீர்கள். "மோட்டார் ஹோமில் கிராமப்பக்கம் சுற்றினீர்களாமே, எங்களால் முடியுமா சார்?" என்று லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறீர்கள். முடியும். ஆனால் நாங்கள் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

மோட்டார் ஹோம் என்றால் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வேன். சுற்றிப் பார்க்கப் போகிறவர் நம் ஊர் லைசென்ஸை வைத்தே 3.5 டன் வரையுள்ள வண்டியை 12 மாதம் வரை ஓட்டலாம். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். அதனால் எனக்குத் தைரியம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. ஆறு நாளில் ஆறு ஊர் என்று திட்டம் போட்டேன்.

மூன்றாம் நாள் டெவன் பகுதியில் ஒரு சின்னச் சாலை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண்கரை, அதன் மேல் செடிவேலி. எதிரே டிராக்டர். வண்டி ஒதுங்கும் இடம் எங்களுக்குப் பின்னால் தூரத்தில் இருந்தது. என் மனைவி இறங்கிக் கை காட்ட, வியர்த்து விறுவிறுத்து ரிவர்ஸ் எடுத்தேன். பக்கக் கண்ணாடி உரசியது, முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. அன்று ராத்திரி அவர் கேட்டதுதான் உறைத்தது: "மூணு நாளா ரோட்டைத்தான் பார்த்தோம். ஊரை எங்கே பார்த்தோம்?"

மறுநாள் திட்டத்தை மாற்றினோம். நெடுஞ்சாலையில் வடக்கே போய், பீக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் பேக்வெல் ஊருக்குப் பக்கத்தில் ஒரு முகாமில் வேனை நிறுத்தினோம். மீதி நாள் முழுக்க அங்கேதான்.

அங்கே மான்சல் டிரெயில் என்று ஒரு பாதை, சுமார் 14 கிலோமீட்டர். 1968-இல் மூடப்பட்ட ரயில் தடம் அது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டிருக்கிறார்கள். கார், பஸ் எதுவும் கிடையாது. நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏறாது என்பதால் அந்தக் காலத்திலேயே ஏற்றத்தை மெதுவாக அமைத்துவிட்டார்கள். அந்தப் புண்ணியம் இன்று நம் முழங்காலுக்கு!

என் மனைவி சைக்கிளைத் தொட்டு முப்பது வருடம் இருக்கும். முழங்கால் வலி வேறு. "நான் வேனிலேயே இருக்கேன்" என்றார். ஹசாப் என்ற பழைய ஸ்டேஷனிலேயே வாடகை சைக்கிள் கிடைக்கிறது. மின்சார சைக்கிள் ஒன்று எடுத்தோம். மிதித்தால் மோட்டார் கைகொடுக்கும்; லைசென்ஸ் தேவையில்லை. முதல் பத்து நிமிடம் நான் பக்கத்திலேயே போனேன். பிறகு அவர் முன்னால் போய்விட்டார். 2011-இல் திறந்துவிட்ட பெரிய சுரங்கங்களில் ஒன்றைத் தாண்டி வெளியே வந்தால் நேராக ஒரு பாலம். கீழே வை ஆறு. இந்தப் பள்ளத்தாக்கில் ரயில் விட்டதை அந்நாளில் ரஸ்கின் கடுமையாகக் கண்டித்தார். இன்று அந்தப் பாலத்தைப் பார்க்கத்தான் கூட்டம். அங்கே நின்று அவர், "நாளைக்கும் வரலாமா?" என்றார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

வாடகை நிறுவனத்தின் வயது வரம்பு, இன்ஷூரன்ஸ் இரண்டையும் பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கண்ட இடத்தில் ராத்திரி தங்கும் உரிமை அங்கே கிடையாது. முகாமில் முன்பதிவு செய்யுங்கள். கரண்ட், தண்ணீர், கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் இடம் எல்லாம் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும்.

வேனின் உயரத்தை அடியிலும் மீட்டரிலும் எழுதி ஸ்டியரிங் பக்கம் ஒட்டுங்கள். தாழ்வான பாலங்கள் உண்டு.

வயல்வெளியில் நடைபாதை என்று குறித்த வழியில் சைக்கிள் ஓட்டும் உரிமை இல்லை. குதிரைப் பாதையில் ஓட்டலாம். ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும்.

சைக்கிளுக்கு முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு இருக்கட்டும். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை; நம் வயதுக்குக் கட்டாயம்.

ஊர் எண்ணிக்கையைக் குறையுங்கள். முழங்கால் ஒத்துழைக்கிறபோதே போய் வாருங்கள்.