பற்றரி தீரும் வரை



பிள்ளைகளும் வீடியோ விளையாட்டுகளும் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். வைத்தியர் என்பதால் கண் கெடும், கழுத்து நோகும் என்று சொல்வோம் என எதிர்பார்த்திருப்பார்கள். அதற்கு முன் எங்கள் வகுப்பு செய்த குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். யாருக்கும் தெரியாது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தோம். முன்வரிசை ரீச்சரின் சிரிப்பைப் பார்த்தால் அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும் போல.

1995. நாங்கள் ஆண்டு பதினொன்று. தோழி ஒருத்தியின் அப்பா சவூதியிலிருந்து ஒரு ‘பிரிக் கேம்’ அனுப்பியிருந்தார். பெட்டியில் 9999 விளையாட்டுகள் என்று போட்டிருந்தது. உண்மையில் கைவிரலுக்குள் எண்ணிவிடலாம். மிச்சமெல்லாம் அதே விளையாட்டு வேகம் மாறி வருவதுதான். நாங்கள் விளையாடியது ஒன்றே ஒன்று: மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பித் திருப்பி வரிசை நிரப்புவது. அதன் பெயர் ரெட்ரிஸ் என்பதோ, 1984 இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் உருவாக்கியது என்பதோ எங்களுக்குத் தெரியாது. கடைசி வாங்கில், சத்தத்தை நிறுத்தி, விஞ்ஞானப் புத்தகத்துக்குள் வைத்து விளையாடுவோம். தோற்றால் அடுத்தவளுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் இன்று இந்த மண்டபத்தில் மரியாதையாக இருக்கிறார்கள். பெயர் வேண்டாம்.

இடைவேளையில் கிளித்தட்டும் கொக்கானும் விளையாடிய அக்காமார் எங்களை முறைத்தார்கள். விளையாட்டென்றால் வேர்க்க வேணும் என்பது அவர்கள் கட்சி. இன்று நாங்கள் பிள்ளைகளிடம் “எங்கட காலத்தில் இப்பிடியோ” என்று தொடங்குகிறோம். கண்ணை மூடினாலும் கட்டைகள் விழுந்துகொண்டிருந்த இரவுகளை மறந்துவிட்டோம். அன்று எங்களை ஏசிய அம்மாமாரும் இப்போது கனடாப் பேரப்பிள்ளை காட்டிக்கொடுத்த கன்டி கிரஷ் விளையாடுகிறார்கள். கேட்டால், “நித்திரை வராட்டி விளையாடுறன், அதில என்ன?” என்று பதில் வரும்.

இந்த மலருக்காகப் பழைய கதைகள் சேர்க்க, சில மாதங்களுக்கு முன் வகுப்புத் தோழிகள் வீடியோ அழைப்பில் கூடினோம். பிரிக் கேம் கதை வந்ததும் ஒரே சிரிப்பு. அதன் சொந்தக்காரி மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வருடம் ஏப்ரல் 19 உங்களுக்கு நினைவிருக்கும். நமது துறைமுகத்தில் கடற்படையின் இரண்டு பீரங்கிப் படகுகள் தகர்க்கப்பட்டன. ஜனவரியில் தொடங்கிய போர்நிறுத்தம் முடிந்தது. அதன் பிறகு ஒருநாள் அவளுடைய அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வகுப்பில் அவள் சொன்னது, அண்ணா கொழும்புக்குப் போய்விட்டார் என்று. நாங்களும் நம்பினோம். நாலு மாதம் கழித்து அவர் திரும்பி வரும்வரை, இரவில் ஒழுங்கையால் வாகனம் போகும் சத்தம் காதில் விழாமல் இருக்க அவள் விளையாடியிருக்கிறாள். அந்தத் திரைக்கு வெளிச்சம் கிடையாது. குப்பிவிளக்கடியில் பிடித்துக்கொண்டு, பற்றரி தீரும்வரை. நாங்கள் பகலிலேயே பற்றரியைத் தீர்த்துவிட்டுக் கொடுத்த நாட்களில் என்ன செய்தாய் என்று ஒருத்தி கேட்டாள். “சும்மா படுத்திருந்தன்” என்றாள்.

2009 இல் ஒக்ஸ்போர்டில் எமிலி ஹோம்ஸ் என்ற உளவியலாளரும் குழுவினரும், கொடூரக் காட்சிகளைப் பார்த்தவர்கள் சிறிது நேரத்தில் ரெட்ரிஸ் விளையாடினால் அந்தக் காட்சிகள் தாமாகத் திரும்பி வருவது குறைகிறது என்று கண்டார்கள். 2017 இல் வெளிவந்த ஆய்வில், வாகன விபத்தில் சிக்கி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 71 பேரிடமும் அதே போக்கைப் பார்த்தார்கள். சிறிய எண்ணிக்கை, இதை வைத்து மருந்துச்சீட்டு எழுத முடியாது. ஆனால் எங்கள் தோழிக்கு அவளுடைய கை ஏதோ ஒரு வழியைக் காட்டியிருக்கிறது என்று நினைக்கிறோம்.

விளையாட்டுக்கு அடிமையாகும் பிள்ளைகள் இல்லை என்று சொல்ல வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறது. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முக்கியமாதல், கெடுதல் தெரிந்தும் தொடர்தல், இவை வழக்கமாகப் பன்னிரண்டு மாதம் நீடித்தால் அது நோய். அந்த வரைவிலக்கணத்தில் மணித்தியாலக் கணக்கு இல்லை. எங்கள் பெட்டியில் பற்றரி தீர்ந்தது. இன்றைய விளையாட்டுகள் முடியாமல் இருப்பதற்கென்றே செய்யப்பட்டவை. அந்த வித்தியாசம் பெரியது.

ஆனாலும் கிளினிக்கில் நாங்கள் முதலில் கேட்டது எப்போதும் “எத்தனை மணித்தியாலம்?” என்றுதான். ஒரு பையன் நடுச்சாமம் வரை ‘பிரீ பயர்’ விளையாடுகிறான் என்று தாய் கூட்டிவந்தார். போனை வாங்கி வையுங்கள் என்றோம். இரண்டு கிழமையில் அவன் சாப்பாட்டையும் குறைத்துவிட்டான். மூன்றாம் முறை வந்தபோதுதான் யாருடன் விளையாடுகிறாய் என்று கேட்டோம். அப்பாவுடனாம். கட்டாரில் வேலை முடிந்து அறைக்கு வந்ததும் அவர் போனை எடுப்பார். இங்கே அப்போது பதினொரு மணி தாண்டிவிடும். இரண்டு பேரும் ஒரே அணி. தாய்க்கே அது தெரியாது. நேரத்தை வெள்ளி, சனி என்று மாற்றிக்கொடுத்தோம். இப்போது அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்கிறோம்; எப்போது தொடங்கியது, அந்த நேரம் வீட்டில் என்ன நடந்தது என்பதையும்.

தோழியிடம் அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறது. அடுத்த ஓகஸ்ட் வரும்போது கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள். பென்ரோர்ச் பற்றரிகள் எங்கள் செலவு. வகுப்பில் எல்லோரும் காசு போட்டு ஒரு பெட்டி நிறைய வாங்கி வைத்திருக்கிறோம்.