திட்ட மேலாண்மைக் கல்வியும் மும்மணி நெறியும்

(செஞ்சியில் மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)





செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் ஒரே பாறை முகப்பில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசைகளில், வரிசைக்குப் பன்னிருவராக வீற்றிருக்கின்றனர். அங்குச் சென்று வணங்குவோர் சற்றே நின்று எண்ணத்தக்க செய்தி ஒன்றுண்டு. பாறையில் உளி பட்டபின் அதனைத் திருத்த இயலாது. இருபத்து நான்காம் உருவத்திற்கு இடம் போதவில்லை என்றால், முதல் உருவத்தைச் சற்று நகர்த்திவைக்க எவராலும் முடியாது. ஆதலின் பாறையை அளந்து, பங்கிட்டு, கோடிட்ட பின்னரே சிற்பி உளியைக் கையில் எடுத்திருத்தல் வேண்டும்.

இடம், காலம், பொருள், ஆள் ஆகியவற்றை முன்னரே பங்கிட்டு, தொடங்கிய வேலையைக் குறித்தவாறு முடிக்கும் இவ்வறிவுக்கு இக்காலப் பல்கலைக்கழகங்கள் 'திட்ட மேலாண்மை' என்று பெயரிட்டுள்ளன. கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் கட்டுமான மேலாண்மை முதுநிலைப் படிப்பாக உள்ளது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள், குறிப்பாக இங்கிலாந்தில் உள்ளவை, ஓராண்டில் முடியும் முதுநிலைப் பட்டமாக இதனை வழங்குகின்றன. பொறியியல் முடித்த பிள்ளைகள் இப்படிப்பை விரும்புகின்றனர். நிலத்தை அடகு வைத்தேனும் அனுப்பலாமா என்று பெற்றோர் தயங்குகின்றனர். அந்தத் தயக்கம் அறியாமையால் வந்ததன்று. அதற்கு உரிய விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில், இக்கல்வி எதைக் கற்பிக்கிறது என்று காண்போம். ஓர் ஊரில் ஜினாலயத் திருப்பணி நடைபெறுகிறது. பிரதிஷ்டை நாளும் குறிக்கப்பட்டுவிட்டது. மண்டபத்திற்குக் கான்கிரீட் தளம் போட வேண்டும். சாதாரண சிமெண்டாயினும் குறைந்தது 7 நாள் தண்ணீர் கட்டி ஆற்ற வேண்டும். பின்னர் பூச்சு வேலை, அதன்பின் வண்ணம், அதன்பின் சாரம் பிரித்தல், இறுதியில் பிரதிஷ்டை. இவை ஒன்றன்பின் ஒன்றாகவே நிகழவியலும். மற்றொருபுறம் அழைப்பிதழ் அச்சிடுதல், பந்தல் பேசுதல், உணவு ஏற்பாடு ஆகியவை உள்ளன. அழைப்பிதழ் ஐந்து நாள் தாழ்ந்தாலும் பெருங்கேடில்லை. தளம் ஐந்து நாள் தாழ்ந்தாலோ பிரதிஷ்டை நாளே தவறும். எந்த வேலைத்தொடர் தாழ்ந்தால் அனைத்தும் தாழுமோ, அதனைக் கண்டறிந்து நாள்தோறும் காப்பதே 'கிரிட்டிக்கல் பாத்' எனப்படும் முறை. 1957ஆம் ஆண்டு அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் தன் தொழிற்சாலைப் பணிகளுக்காக இதனை வகுத்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டுக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காக 'பெர்ட்' என்னும் ஒத்த முறையை உருவாக்கியது. இன்றைய பாடநூல்களின் அடித்தளம் இவையே.

இவற்றின் கணக்கு முறை புதிது. கருத்து தமிழுக்குப் புதிதன்று. பொன்னூர் மலையோடும் ஏலாசாரியரோடும் இணைத்துத் தமிழ்ச் சமணர் போற்றும் திருக்குறளில், வினைசெயல்வகை என்னும் அதிகாரம் உள்ளது. அதில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று குறள்களைக் கருதுக. 675ஆம் குறள் பொருள், கருவி, காலம், வினை, இடம் ஆகிய ஐந்தையும் ஐயமற எண்ணச் சொல்கிறது. 676ஆம் குறள் முடிவையும் இடையூற்றையும் முடிந்தபின் கிட்டும் பயனையும் சீர்தூக்கச் சொல்கிறது. 677ஆம் குறளோ, அவ்வேலையின் உட்கூறுகளை அறிந்தவனின் கருத்தைக் கேட்டறிவதே செய்முறை என்கிறது.

முன்னிரண்டுக்கும் செஞ்சிக் கோட்டையே சான்று. 2025 ஜூலையில், மராட்டியப் படைத்தள அமைப்புகள் என்னும் 12 கோட்டைகளுள் ஒன்றாக, தமிழகத்திலிருந்து இது மட்டுமே யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. முகலாயர் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டனர். அது நீண்டதற்கு அரசியல் காரணங்களும் உண்டு. எனினும் களஞ்சியமும் நீர்நிலையும் இல்லாத கோட்டை அத்தனை ஆண்டுகள் தாங்கியிராது. மதில் எழுப்பியவர் உணவையும் நீரையும் மறக்கவில்லை.

இக்காலத் தந்தையர் ஊன்றிப் பார்க்க வேண்டியது 677ஆம் குறளையே. வேலையின் உள்ளே நின்றவனே அதன் உள்ளறிவான். தளத்திற்குத் தண்ணீர் கட்டிய பழக்கமே இல்லாதவன் 7 நாளைத் தாளில் ஓர் எண்ணாகவே காண்பான். நாள் நெருங்கும்போது அதனை நான்காகக் குறைக்கவும் துணிவான். திட்ட மேலாளருக்கு உலகெங்கும் மதிப்புள்ள 'பி.எம்.பி.' சான்றிதழும் இதனையே வற்புறுத்துகிறது. நான்காண்டுப் பட்டம் பெற்றவராயினும், திட்டங்களை முன்னின்று நடத்திய 36 மாத அனுபவம் இருந்தாலன்றி அத்தேர்வு எழுத இயலாது.

சமணம் காட்டும் மும்மணியும் இவ்வாறே அமைந்துள்ளது. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் மூன்றும் ஒருங்கே இருந்தால்தான் வீட்டுநெறி ஆகும். ஞானம் எத்துணை விரிந்தாலும் ஒழுக்கத்தின் இடத்தை அது நிரப்பாது. உலகியற் கல்விக்கும் இது பொருந்தும். செய்து பழகாத அறிவு பட்டச் சான்றிதழோடு நின்றுவிடும்.

"வேலைக்குச் சென்றுவிட்டால் படிப்பு விட்டுப்போகும், இளமையிலேயே முடித்துவிடட்டும்" என்பர் பெற்றோர் சிலர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் இரண்டைச் சீர்தூக்குக. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி, கடன் 7.5 இலட்சம் ரூபாயைக் கடந்தால் சொத்துப் பிணை வேண்டும். உழவை நம்பிய குடும்பத்திற்கு அது பெரும்பாலும் நிலமே. அனுபவமற்ற பட்டதாரிக்கு மேலாளர் பணி உடனே கிட்டாவிடில், தவணை அந்நிலத்தின் மீதே விழும். மாறாக, கேட் தேர்வில் தகுதி பெற்று இங்கேயே முதுநிலைப் பொறியியலில் சேர்வோர்க்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடங்களில் திட்ட மேலாண்மையை வீட்டிலிருந்தே கட்டணமின்றிக் கேட்கலாம்.

ஆகவே, மகனாயினும் மகளாயினும், பட்டம் பெற்றபின் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரு பணியிடத்தில் நின்று பழகட்டும். சாலையோ, கட்டடமோ, மென்பொருளோ எதுவாயினும் ஆகுக. கொத்தனாரும் மேஸ்திரியும் கணக்கரும் சொல்வதைக் கேட்கட்டும். அதன்பின் அயல்நாடு செல்ல விரும்பினால் தடுக்க வேண்டா. அப்போது வகுப்பில் கேட்கும் ஒவ்வொரு பாடமும் கண்ணால் கண்ட வேலையோடு பொருந்தும். கடன் வாங்குவதற்கும் பொருள் இருக்கும்.

அறக்கட்டளைகளும் இதற்குத் துணைநிற்கலாம். பழம்பள்ளிகளின் திருப்பணிகள் தொடங்கிய வேகத்தில் முடிவதில்லை. நிதி ஒருபுறம், ஆள் ஒருபுறம், மழை ஒருபுறம். அவ்வூர்ப் பொறியியல் மாணவர் இருவரிடம் பணிப்பட்டியலையும் செலவுக் கணக்கையும் ஒப்படைத்து, மூத்தோர் ஒருவர் மேற்பார்க்கட்டும். எது தாழ்ந்தது, ஏன் தாழ்ந்தது என்பதை மறைக்காமல் மாதந்தோறும் அவர்கள் சபைமுன் படிக்கட்டும். வாய்மை என்னும் அறம் கணக்கேட்டிலும் காக்கப்பட வேண்டியதே. சாரத்தின் மேல் நிற்கும் தொழிலாளி பத்திரமாக இறங்குகிறானா என்று மாலைதோறும் பார்க்கட்டும். கொல்லாமை நோன்புடையோர் எழுப்பும் ஆலயத்தில் அவசரத்தால் ஓர் உயிர்க்கும் ஊறு நேரலாகாது.

இவ்வாண்டு திருப்பணி நடைபெறும் ஊர்களின் பெரியோர்கள், விழா முடிந்து ஊர் திரும்பியதும் அத்தகைய இரு மாணவர்களை அழைத்துப் பேசுவார்களாக.

வாழ்க அறம்! வளர்க கல்வி!