கட்டு அவிழ்த்த பிறகு யாரிடம் போவது?



கையில் இருக்கிற போனைக் கீழே வைக்க வேண்டாம். பேச்சு முடிவதற்குள் 2 எண்களைப் பதிவு செய்துகொள்ளப் போறீங்க.

தங்கச்சிமடம், மண்டபம், தொண்டி என்று நம்ம கடற்கரையில் சாயங்காலம் கபடியோ வாலிபாலோ ஆடாத ஊர் உண்டா? ஆடும்போது கால் பிரளும். சுளுக்கு வழித்து, தைலம் தேய்த்து, வலி குறைந்ததும் மறுபடி இறங்கிடுவோம். கல்லூரியில் நானும் அப்படித்தான். கணுக்கால் கட்டு அவிழ்த்த இரண்டாவது வாரமே ஆடப் போனேன். அதே கால் மறுபடி பிரண்டது.

அப்புறம்தான் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். "ஒத்தைக் காலில் நில்லுங்க" என்றார். 10 விநாடிகூட நிற்க முடியல. வீக்கம் போயிருந்தது, பலம் வரவில்லை. இன்றைக்கு நான் சொல்ல வந்த விஷயமே இதுதான்: எலும்பையும் ஜவ்வையும் டாக்டர் சரி செய்வார், திரும்ப ஓட வைக்கிறது பயிற்சி.

அமெரிக்காவில் இந்த வேலைக்கு 'அத்லெட்டிக் ட்ரெயினர்' என்று தனியாக ஒருவர் உண்டு. அவர்களில் சிலர் படிப்பு முடித்த பிறகும் எலும்பு மூட்டு மருத்துவமனையில் ஓராண்டு போல ரெசிடென்ஸி பயிற்சி எடுக்கிறார்கள். டாக்டர் காயத்தைப் பரிசோதிக்கும்போது பக்கத்தில் நின்று கற்கிறார்கள். எந்தப் பயிற்சியை எப்போது தொடங்கணும், எதை இன்னும் தொடக்கூடாது என்பது அங்கேதான் பிடிபடும்.

நம்ம ஊரில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் இயன்முறை சிகிச்சையாளருக்கு, அதாவது பிசியோதெரபிஸ்டுக்கு. இளநிலைப் படிப்போடு மருத்துவமனைப் பயிற்சிக் காலமும் சேர்ந்தே வரும். அதன் பிறகு 2 ஆண்டு முதுநிலையில் எலும்பு மூட்டு, விளையாட்டு போன்ற சிறப்புப் பிரிவுகள் இருக்கு.

சரி, அடிபட்டால் என்ன செய்யணும்?

கணுக்கால் பிரண்டால் முதலில் 4 அடி நடந்து பாருங்க. நடக்க முடியலைன்னாலும், கணுக்கால் எலும்பை அழுத்தினால் வலித்தாலும், தைலத்தை ஓரமாக வைத்துவிட்டு எக்ஸ்ரே எடுக்கப் போங்க. முட்டியில் 'டக்' என்று சத்தம் கேட்டு வீங்கினால் தாமதிக்காமல் எலும்பு மூட்டு டாக்டரைப் பாருங்க. முட்டி ஜவ்வுக்கு அறுவை சிகிச்சை செய்தவர்கள் களத்துக்குத் திரும்பப் பொதுவாக 9 மாதமாவது ஆகும். மாதக் கணக்கு மட்டும் போதாது. அடிபட்ட காலின் பலம் நல்ல காலின் பலத்தில் 90 சதவீதத்தையாவது எட்டியிருக்கான்னு சோதித்துப் பார்த்த பிறகே இறங்கணும். முதலமைச்சர் கோப்பை அடுத்த வருஷமும் வரும், முட்டி வராது.

ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனையில் எலும்பு மூட்டு டாக்டரைப் பார்க்கும்போதே, "எனக்குப் பிசியோதெரபி எப்போ ஆரம்பிக்கணும்?" என்று கேளுங்க. ராமேஸ்வரத்திலிருந்து தினமும் வந்துபோவது கஷ்டம்தான். அதனால், "வீட்டில் எதைச் செய்யணும், எத்தனை தடவை செய்யணும்?" என்று எழுதி வாங்கிக்கோங்க. செய்து காட்டுவதை, அவர்கள் அனுமதித்தால், உங்கள் போனிலேயே வீடியோ எடுத்துக்கலாம்.

இப்போ அந்த 2 எண்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு 1800 425 3993. உங்களுக்குச் சொல்லியிருக்கிற அறுவை சிகிச்சை அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கான்னு முன்கூட்டியே கேட்டுக்கோங்க.

வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்க.

பிளஸ் 2 முடிக்கப் போகும் தம்பி, தங்கைகளே, விளையாட்டு பிடிக்கும், மருத்துவமும் பிடிக்கும் என்றால் இந்தப் படிப்பையும் யோசியுங்க. திருச்சியில் அரசு இயன்முறை சிகிச்சைக் கல்லூரி இருக்கு. சேர்க்கை விதிகளை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்க. படித்துவிட்டு நம்ம கரைக்கே வாங்க. வலை இழுத்து இழுத்துத் தோள்பட்டை போன அப்பாக்கள் இங்கே நிறைய பேர். அவங்களுக்கும் உங்க கை வேணும்.